தலை மந்தமாக இருக்கிறதா? எப்போதிலிருந்து?

நலம் கேட்போம் – வாசகர் கேள்வி, மருத்துவக் குழு பதில்

"மண்டை ஓடவே மாட்டேங்குது", "பேசிக்கிட்டு இருக்கும்போதே பிளாங்க் ஆயிடுது", "தலைக்குள்ள பஞ்சு அடைச்ச மாதிரி இருக்கு." மூளை மந்தம் பற்றிக் கேள்விகள் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் தொடங்கின. பிரெயின் ஃபாக் என்று பலரும் சொல்லும் இது தனி நோயின் பெயர் அல்ல. காய்ச்சலைப் போல ஓர் அறிகுறி. கவனம் நிற்பதில்லை, சொல் நாக்கு நுனி வரை வந்து நின்றுவிடுகிறது, சின்னக் கணக்குக்கும் வழக்கத்தைவிட நேரம் பிடிக்கிறது. இதன் காரணத்தைப் பிடிக்க ஸ்கேனைவிட அதிகம் உதவுபவை மூன்று விவரங்கள்: எப்போது தொடங்கியது, நாளில் எந்த நேரத்தில் கூடுகிறது, அதே சமயத்தில் உடம்பிலோ வீட்டிலோ மருந்திலோ வேறென்ன மாறியது. இவற்றை எழுதியிருந்த கடிதங்களுக்கே இங்கே விரிவாகப் பதில் சொல்ல முடிந்திருக்கிறது.

கேள்வி: வயது 47. பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். ஆறேழு மாதமாக, போர்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வரி மறந்துபோகிறது. பிள்ளைகளின் பெயர் சட்டென்று வருவதில்லை. என் அம்மாவுக்கு 70 வயதுக்கு மேல் மறதி நோய் வந்தது. எனக்கும் ஆரம்பித்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. மாதவிடாய் ஒரு வருடமாக முன்பின்னாக வருகிறது. வந்தால் ஏழெட்டு நாள் அதிகமாகப் போகிறது. இரவில் வியர்த்துக்கொட்டி விழிப்பு வந்துவிடுகிறது.
– ஆசிரியை, ஈரோடு

பதில்: பயத்தை முதலில் இறக்கி வைப்போம். பெயர் மறந்து, சற்றுப் பொறுத்துத் தானாகவே நினைவுக்கு வருகிறது, அல்லது யாராவது முதல் எழுத்தைச் சொன்னதும் வந்துவிடுகிறது என்றால், அந்தப் பெயர் உள்ளே பத்திரமாகத்தான் இருக்கிறது, எடுக்கத்தான் தாமதமாகிறது. மறதி நோயில் நடந்த சம்பவமே பதிவாகியிருக்காது. கேட்ட கேள்வியையே அரை மணி நேரத்தில் மறுபடி கேட்பார்கள். தினமும் போய்வரும் தெருவில் வழி தவறும். சில்லறை கொடுத்து வாங்குவதில் குழப்பம் வரும். பெரும்பாலும் அவர்களைவிட வீட்டில் இருப்பவர்கள்தான் முதலில் கவலைப்படுவார்கள். அம்மாவுக்கு 70 வயதுக்குப் பிறகு வந்தது என்பது உங்கள் அபாயத்தைச் சற்றே கூட்டும். 47 வயதில் தொடங்கிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை.

உங்கள் கடிதத்தின் கடைசி மூன்று வாக்கியங்களில்தான் காரணம் இருக்க வாய்ப்பு அதிகம். மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய சில ஆண்டுகளில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறியும் இறங்கியும் ஆட்டம் காட்டும். சொல்லை எடுப்பதிலும் புதிதாகக் கேட்டதை மனத்தில் நிறுத்துவதிலும் இந்தக் காலத்தில் ஒரு சறுக்கல் வருவதைப் பல ஆய்வுகள் அளந்து காட்டியிருக்கின்றன. பெரும்பாலான பெண்களுக்கு அது பிறகு தேறிவிடுகிறது. இரவு வியர்வை தூக்கத்தைத் துண்டுபோடுகிறது. அதிகப்படியான இரத்தப்போக்கு இரும்புச்சத்தைக் காலி செய்கிறது. மூன்றும் ஒரே சமயத்தில் உங்கள்மேல் விழுந்திருக்கின்றன.

இரத்தப் பரிசோதனையில் சிபிசி (இரத்த அணுக்களின் கணக்கு), ஃபெரிட்டின், டிஎஸ்ஹெச் (தைராய்டுக்கான பரிசோதனை), வைட்டமின் பி12, சர்க்கரை ஆகிய ஐந்தும் இருக்கட்டும். ஹீமோகுளோபின் 12-க்கு மேல் இருப்பதைப் பார்த்து 'இரத்தசோகை இல்லை' என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். உடலின் இரும்புக் கையிருப்பைச் சொல்வது ஃபெரிட்டின்; அது 30-க்குக் கீழே போனாலே சோர்வும் மந்தமும் வரலாம். இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாமா என்று கேளுங்கள். ஒரு மாத்திரை போட்டதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கூடி, அடுத்த ஒரு நாளைக்குக் குடல் இரும்பை ஏற்பதைக் குறைத்துவிடுகிறது. தினமும் இரண்டு வேளை போட்டு வயிற்றுவலியும் மலச்சிக்கலும் வாங்கிக்கொள்வதால் பெரிய லாபம் இல்லை. வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாற்றோடு போடுங்கள். காபி, டீ, பால், கால்சியம் மாத்திரை எல்லாம் இரண்டு மணி நேரம் தள்ளி. ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் தொடர்ந்தால்தான் கையிருப்பு நிரம்பும்.

மாத்திரை மட்டும் போதாது. 45 வயதுக்கு மேல் இப்படி அதிகமாகப் போவதை மகப்பேறு மருத்துவர் பார்த்தே ஆகவேண்டும்: கருப்பையில் கட்டி இருக்கிறதா, உட்சுவர் தடித்திருக்கிறதா என்று ஸ்கேன் சொல்லும். வியர்வை தாங்க முடியாத அளவில் இருந்தால் ஹார்மோன் சிகிச்சை உண்டு. மார்பகப் புற்றுநோய், இரத்தக்கட்டு போன்ற முன்கதை இல்லாதவர்களுக்கு மருத்துவர் ஆலோசித்துத் தருவார். அது வியர்வைக்கும் தூக்கத்துக்குமான மருந்து. ஞாபகத்துக்கென்று மட்டும் அதைக் கேட்டு வாங்க வேண்டாம்.

அதுவரை வகுப்பைச் சமாளிக்க: கணக்கின் படிகளை ஒரு சிறு தாளில் எழுதி மேசைமேல் வையுங்கள். பிள்ளைகள் உட்காரும் வரிசைப்படி பெயர்ப் பட்டியலும் அங்கேயே இருக்கட்டும். யாராவது குறுக்கே பேசினால், திரும்புவதற்கு முன் போர்டில் அடுத்த குறியையாவது போட்டுவிட்டுத் திரும்புங்கள். விட்ட இடம் கண்ணுக்குத் தெரிந்தால் மூளை தேட வேண்டியதில்லை.

கேள்வி: வயது 58, சைவம். 11 வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின் காலையும் இரவும் 1000. அசிடிட்டிக்காகப் பான்டபிரசோல் தினமும் காலையில், பல வருடமாக. இப்போது பேப்பர் படித்தால் ஒரு பத்திக்கு மேல் மனத்தில் ஏறவில்லை. பாதத்தில் மதமதப்பு. 'சர்க்கரைன்னா அப்படித்தான் இருக்கும்' என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், மதுரை

பதில்: சர்க்கரையாலும் பாதம் மதமதக்கும். ஆனால் உங்கள் விஷயத்தில் பி12 குறைவு இல்லை என்று உறுதி செய்யாமல் சர்க்கரைமேல் பழியைப் போடக் கூடாது. அது குறைவதற்கான மூன்று வழிகளும் உங்களிடம் திறந்திருக்கின்றன. பி12 தாவர உணவில் கிடையாது. சைவர்களுக்குப் பால், தயிர் மட்டுமே வழி. உணவிலிருந்து அதைப் பிரித்தெடுக்க வயிற்று அமிலம் வேண்டும்; பான்டபிரசோல் அமிலத்தைக் குறைக்கிறது. பிரிந்த பி12 சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்படும். மெட்ஃபார்மின் அங்கே தடை போடுகிறது. கல்லீரலில் சில ஆண்டுகளுக்கான சேமிப்பு இருப்பதால் குறைவு உடனே தெரியாது. மருந்து தொடங்கி நாலைந்து வருடம் கழித்துத் தலைகாட்டும்போது, யாரும் அதை மருந்தோடு இணைத்துப் பார்ப்பதில்லை.

ஊசியோ 'நரம்புச் சத்து' மாத்திரையோ ஆரம்பிக்கும் முன் இரத்தம் கொடுத்துவிடுங்கள். நாலு ஊசி போட்ட பிறகு பார்த்தால் அளவு உச்சத்தில் இருக்கும், பழைய நிலை என்ன என்று யாருக்கும் தெரியாது. ஒரு மில்லி லிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறைவு. 200 முதல் 300 வரை சந்தேக வட்டம். உங்களுக்கு அறிகுறி இருப்பதால் அந்த வட்டத்தில் இருந்தாலும் சிகிச்சை தருவதே நியாயம். பி12 குறைந்தால் இரத்தத்தில் கூடும் ஹோமோசிஸ்டீன் அளவைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். இரத்தசோகை வராமலே நரம்பு கெடுவது உண்டு. ஃபோலிக் அமிலம் மட்டும் தனியாகச் சாப்பிட்டால் இரத்தசோகை சரியாகி, நரம்புச் சேதம் மறைவாகத் தொடரும்.

மதமதப்பு இருப்பவர்களுக்குப் பொதுவாக 1000 மைக்ரோகிராம் ஊசி முதல் சில வாரங்களில் அடிக்கடியும், பிறகு மாதத்துக்கு ஒன்று அல்லது இரு மாதத்துக்கு ஒன்று என்றும் போடப்படும். ஊசி வேண்டாம் என்பவர்களுக்கு 1000 முதல் 2000 மைக்ரோகிராம் மாத்திரை தினமும். நமக்குத் தினத் தேவை 2 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல்தான். பிறகு ஏன் இவ்வளவு என்றால், உறிஞ்சும் வழி அடைபட்டிருக்கும்போது நூற்றில் ஒரு பங்கு தானாகக் கசிந்து உள்ளே போவதை நம்பித்தான் அந்த அளவு. மந்தம் சில வாரங்களில் விலகத் தொடங்கும். மதமதப்பு போக மாதங்கள் ஆகும், நெடுநாள் விட்டுவிட்டால் முழுதும் போகாமலும் இருக்கலாம். அதனால்தான் இதைத் தள்ளிப்போட வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறோம்.

மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தாதீர்கள். அது நல்ல மருந்து. வருடம் ஒருமுறை பி12 பார்த்தால் போதும். பான்டபிரசோல் இன்னும் வேண்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். பலருக்கு எட்டு வாரத்துக்கு எழுதியது எட்டு வருடம் ஓடுகிறது. திடீரென்று விட்டால் அமிலம் முன்பைவிட வேகமாகச் சுரந்து எரியும்; படிப்படியாகக் குறைக்கவேண்டும்.

ஒன்று எழுதாமல் விட்டிருக்கிறீர்கள்: சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடக்கூடிய கிளிமிபிரைடு போன்ற மாத்திரையும் சாப்பிடுகிறீர்களா? ஆமாம் என்றால், மந்தம் முற்பகல் 11 மணி, மாலை 5 மணி என்று உணவுக்கு முன் வருகிறதா, கூடவே வியர்வை, நடுக்கம் உண்டா என்று பாருங்கள். அந்த நேரத்திலேயே குளுக்கோமீட்டரில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்கவேண்டும். பிஸ்கட், சாக்லேட் வேண்டாம், அவற்றின் கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும்.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. மூன்று வாரம் முன் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார், பெரிய அடி இல்லை. இரண்டு நாளாக ஆளே மந்தமாகிவிட்டார். பகலில் தூங்குகிறார், இரவில் யார் யாரையோ கூப்பிடுகிறார். வயசானதால் வரும் மறதியா?
– வாசகி, கோவை

பதில்: இந்தக் கடிதம் கிடைத்த அன்றே, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லிப் பதில் அனுப்பிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறோம். மணிக்கணக்கிலோ ஓரிரு நாளிலோ வரும் குழப்பத்தை முதுமையின் மறதி என்று நினைத்துக் காத்திருக்கக் கூடாது. முதியவர்களுக்குச் சின்ன அடியில்கூட மூளை உறைக்கு அடியில் இரத்தம் மெல்லக் கசிந்து, வாரங்கள் கழித்து அழுத்தம் தரும். ஆஸ்பிரின் போன்ற இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அபாயம் இன்னும் அதிகம். சிடி ஸ்கேனில் தெரிந்துவிடும், சிகிச்சையும் உண்டு. அதே நாளில் இரத்தத்தில் உள்ள உப்பான சோடியத்தின் அளவும் பார்க்கவேண்டும். பிரஷர் மாத்திரைப் பெயரின் கடைசியில் 'ஹெச்' என்று இருந்தால் பெரும்பாலும் அதில் உப்பை வெளியேற்றும் மருந்து கலந்திருக்கும். சோடியம் 135-க்குக் கீழே நன்றாக இறங்கினால் மனிதர் குழம்பிப்போவார். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், புதிதாகச் சேர்த்த தூக்க மாத்திரை ஆகியவையும் இதைச் செய்யும். முகம் கோணினால், ஒரு கை தளர்ந்தால், பேச்சு குழறினால் 108-ஐக் கூப்பிடுங்கள். அது பக்கவாதமாக இருக்கலாம்; மூளை இரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம்.

கேள்வி: வயது 29, ஐ.டி. வேலை. மாலை 6 முதல் நள்ளிரவு தாண்டி 3 வரை ஷிஃப்ட். வீட்டுக்கு வந்து நாலரைக்குப் படுத்தால் ஒன்பதுக்குள் எழுந்துவிடுவேன். பழகிவிட்டது. ஆனால் கம்ப்யூட்டர் கோடு (code) எழுதும்போது கவனம் சிதறுகிறது, அஞ்சு காபி குடித்தும் பயனில்லை. ஜின்கோ மாத்திரை நல்லதா, வேறு மூளை டானிக் சொல்வீர்களா?
– வாசகர், சென்னை

பதில்: எந்த டானிக்கும் சொல்லமாட்டோம். ஜின்கோவை 3,000-க்கும் மேற்பட்ட முதியவர்களுக்குக் கொடுத்துப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த அமெரிக்க ஆய்வு 2008-இல் வெளியானது. மறதி நோயைத் தடுப்பதில் வெற்று மாத்திரையைவிட அது ஒன்றும் கூடுதலாகச் செய்யவில்லை.

'பழகிவிட்டது' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லைத்தான் நம்பக் கூடாது. 2003-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், தினம் 6 மணி நேரம் மட்டும் தூங்க வைத்து இரண்டு வாரம் சோதித்தார்கள். கடைசியில் அவர்களின் கவனம், ஓரிரு இரவுகள் துளிக்கூடத் தூங்காதவர்களின் அளவுக்கு இறங்கியிருந்தது. அவர்களோ லேசாகத்தான் தூக்கம் வருகிறது என்றார்கள். உங்களுக்குக் கிடைப்பது நாலரை மணி நேரம்கூட முழுதாக இல்லை.

நாலரை முதல் பதினொன்றரை வரை படுக்கையில் இருப்பதென்று முடிவெடுங்கள். சென்னை வீட்டில் அந்த நேரத் தூக்கத்துக்கு எதிரிகள் வெயிலும் காலிங் பெல்லும் குக்கர் விசிலும். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, காதுக்கு அடைப்பான், படுக்கையறையில் ஃபேன் சத்தம், கதவில் 'பெல் அடிக்க வேண்டாம்' என்று ஒரு தாள். குடும்பத்தாரிடம் பேசி இதைச் சாதியுங்கள், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. காபியில் பாதி உடலைவிட்டுப் போகவே ஐந்து மணி நேரம் ஆகும். அதனால் கடைசிக் காபி இரவு 10 மணிக்குள். வேலைக்குக் கிளம்பும் முன் 20 நிமிடம் கண்ணயருங்கள். அதற்கு மேல் போனால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்த மப்பு அரைமணி நேரம் இருக்கும். லீவு நாளில் இரவு 10 மணிக்குப் படுத்துப் பகல் ஆளாக மாறாமல், 2 மணிக்குப் படுத்துப் 10 மணிக்கு எழுந்தால் திங்கட்கிழமை தடுமாற்றம் குறையும்.

வேலையில், மீட்டிங்குக்கு எழுந்திருக்கும் முன் கோடிலேயே ஒரு கமென்ட் எழுதிவிடுங்கள்: 'அடுத்து: இந்த ஃபங்ஷனில் காலி உள்ளீட்டைச் சோதிக்க.' திரும்பி வந்து எங்கே விட்டோம் என்று தேடும் பத்து நிமிடம் மிச்சமாகும்.

ஏழு மணி நேரம் தூங்கியும் மூன்று வாரத்தில் தெளிவு வரவில்லை, குறட்டை உண்டு, கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேல் என்றால் தூக்கத்தில் மூச்சு நிற்கும் கோளாறுக்கான பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: வயது 63. சளி, அரிப்புக்காக இரவில் அவில் போடுவேன். கால் எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின், தூக்கத்துக்கு அல்பிரசோலம், தைராய்டு, கால்சியம் எல்லாம் உண்டு. காலையில் பத்து மணி வரை தலை நிமிர முடிவதில்லை. எதை நிறுத்தலாம்?
– வாசகி, திருச்சி

பதில்: நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், அல்பிரசோலத்தை அறவே கூடாது. பல மாதம் சாப்பிட்டதைச் சட்டென்று விட்டால் வலிப்புகூட வரலாம். வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கவேண்டும்.

வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும், தைலம், சொட்டு மருந்து, லேகியம் உட்பட ஒரு மஞ்சப்பையில் போட்டு ஒரே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மூன்று மருத்துவர்கள் தனித்தனியே எழுதியதை ஒருவர் மொத்தமாகப் பார்ப்பதுதான் இங்கே சிகிச்சை. அவிலும் அமிட்ரிப்டிலினும் ஞாபகத்துக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற மூளை இரசாயனத்தைத் தடுக்கின்றன. இரண்டும் சேர்ந்து, மேலே அல்பிரசோலமும் சேர்ந்தால், 60 தாண்டிய உடம்பு காலைக்குள் அவற்றை வெளியேற்றி முடிக்காது. அரிப்புக்கு ஃபெக்சோஃபெனடின் போன்ற தூக்கம் தராத மாற்று உண்டு.

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, காபிக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் பொறுங்கள். கால்சியம், இரும்பு நாலு மணி நேரம் தள்ளி. சேர்த்துப் போட்டால் மாத்திரை உடம்பில் ஏறாமல் தைராய்டு குறைந்தே இருக்கும், மந்தமும் இருக்கும். பையில் வைட்டமின் டி பாக்கெட் இருந்தால் எடுத்துப் பாருங்கள். 60,000 யூனிட் என்று போட்டிருந்தால் அது வாரத்துக்கு ஒன்று. அதைத் தினமும் சாப்பிட்டு, இரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் குழப்பமுமாக மருத்துவமனைக்கு வருபவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: வயது 34. எட்டு மாதம் முன் கோவிட் வந்தது. அதிலிருந்து படிப்பது, பேசுவது எல்லாமே களைப்பு. எல்லா டெஸ்டும் நார்மல். ஒருநாள் தெம்பாக இருக்கிறதே என்று வீட்டு வேலை முழுவதும் செய்தால் அடுத்த இரண்டு நாள் எழ முடிவதில்லை. 'சோம்பேறித்தனம், வாக்கிங் போ' என்கிறார்கள்.
– வாசகி, திருநெல்வேலி

பதில்: இது சோம்பேறித்தனம் இல்லை. சோம்பேறித்தனம் வேலைக்கு முன்னால் வரும். உங்களுக்கு வருவது வேலைக்குப் பின்னால், அதுவும் அரை நாள் முதல் மூன்று நாள் வரை தாமதமாக. வைரஸ் காய்ச்சலுக்குப் பின் சிலருக்கு ஏற்படும் இந்த நிலையில் 'தினம் கொஞ்சம் கூட்டு' என்ற உடற்பயிற்சி முறை கெடுதலே செய்யலாம். இதே தன்மையுள்ள நாள்பட்ட சோர்வு நோய்க்கு பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்கள் வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பு 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் அந்த முறையைத் தவிர்க்கச் சொல்கிறது. இந்தப் பதிலை வீட்டில் எல்லோரும் படிக்கட்டும்.

இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். காலை, மதியம், மாலை என்று மூன்று கட்டம். செய்த வேலை, 10-க்குத் தெளிவு எத்தனை. போனில் அரைமணி பேசியதும், வங்கிப் படிவம் நிரப்பியதும், சண்டையும் வேலைதான், விடாமல் எழுதுங்கள். மோசமான நாளுக்கு முந்தைய இரண்டு நாளைத் திரும்பிப் பார்த்தால் உங்கள் எல்லை எது என்று தெரியும். அந்த எல்லைக்குக் கீழேயே நில்லுங்கள், தெம்பான நாளில் குறிப்பாக. பெரும்பாலானவர்கள் விழுவது அந்த நாளில்தான். களைத்த பிறகு ஓய்வு எடுப்பது பயன் தராது. 15 நிமிட வேலை, பிறகு போன் இல்லாமல் கண்மூடிப் படுத்து 10 நிமிடம். காய்கறியை உட்கார்ந்து நறுக்குங்கள், அடுப்படியில் ஒரு ஸ்டூல் போடுங்கள்.

நின்றால் மந்தம் கூடி, படுத்தால் குறைகிறதா? பத்து நிமிடம் படுத்து நாடித்துடிப்பை எண்ணுங்கள். பிறகு ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் அசையாமல் நின்று நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணுங்கள். தலை சுற்றினால் உடனே உட்கார்ந்துவிடுங்கள். 30-க்கு மேல் கூடி அப்படியே இருந்தால் அந்தக் கணக்கை மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்கு 'பாட்ஸ்' (POTS) என்று தனிப் பெயரும், மருந்தும் உண்டு. வழக்கமான இரத்தப் பரிசோதனையில் அது தெரியாது என்பதால்தான் 'எல்லாம் நார்மல்' என்று வந்திருக்கும்.

கேள்வி: வல்லாரைக் கீரை, ஊறவைத்த பாதாம் சாப்பிட்டால் மூளை மந்தம் போகுமா?
– பலர்

பதில்: இரண்டும் நல்ல உணவு. வாரம் இரண்டு நாள் வல்லாரைத் துவையலும் தினம் ஏழெட்டுப் பாதாமும் சாப்பிடுங்கள். ஆனால் பி12 150-இல் நிற்கும்போதோ, டிஎஸ்ஹெச் 20-ஐத் தாண்டியிருக்கும்போதோ கீரையை நம்பி ஆறு மாதம் கடத்திவிட வேண்டாம். பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்த அன்றிலிருந்தே துவையலும் சாப்பிடலாம்.